இரண்டாம் வாசகர் என் நாத்தனார்

என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை அழுதேன். இரண்டாம் முறை அழவில்லை, என் வீட்டுக்காரரைத் திட்டினேன். அவர் செய்த குற்றம், நான் வீட்டுக்குள் நுழைந்தபோது நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். ஐந்து வருடம் வேலையும் பார்த்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்கும் படித்துப் பார்த்தால் அவர்களுக்கு எங்கெங்கே கோபம் வரும் என்று தெரியும்.

நான் செவிலியர் கல்லூரியில் ஆசிரியை. வயது நாற்பத்து நான்கு. என் ஆய்வு படுக்கைப் புண்ணைப் பற்றியது. அசைய முடியாமல் படுத்திருக்கும் நோயாளியை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தால் முதுகில் புண் வராது என்பதுதான் கேள்வி. இதை இதுவரை யார் யார் ஆராய்ந்தார்கள், அதில் எது நிற்கும், எது நிற்காது என்று தேடிப் படித்து எடைபோட்டு எழுதுவது இரண்டாம் அத்தியாயம். லிட்ரேச்சர் ரிவ்யூ. மற்ற அத்தியாயங்களில் நான் செய்ததைச் சொன்னால் போதும். இதில் மற்றவர்கள் செய்ததை எடைபோட வேண்டும். அது எனக்குக் கைவந்த கலை என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் முறை திருப்பி அனுப்பியவர் என் நெறியாளர். குள்ளமான பெண்மணி, குரல் மட்டும் உயரம்.

"இது அத்தியாயம் இல்லம்மா, பட்டியல். 'இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்'னு நாப்பது பக்கம். விருந்துக்கு வந்தவங்க பேரை வாசல்ல எழுதிவெச்ச மாதிரி இருக்கு. வந்தாங்க, சாப்பிட்டாங்க, போனாங்க. எந்த ஆய்வுக்கும் எந்த ஆய்வுக்கும் சண்டை, அது எங்க?"

இரண்டாம் முறை திருப்பியது ஆய்வுக் குழு. துறைத் தலைவர், வெளியிலிருந்து வரும் ஒரு மூத்த மருத்துவர், என் நெறியாளர் என்று மூன்று பேர். அந்த மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆயிரத்து அறுநூறு கட்டுரைல இருந்து பத்தொன்பதை எடுத்திருக்கீங்க. சலிச்சது யாரு?"

"நான்தான் சார்."

"கூட யாரு?"

"யாரும் இல்ல சார்."

அவர் அத்தியாயத்தை மூடிவைத்தார். இந்த மாதிரி மீளாய்வில் இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு கட்டுரையையும் படித்து 'வேண்டும்', 'வேண்டாம்' என்று குறிக்க வேண்டும். ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்கக் கூடாது. பேசிக்கொள்ளவும் கூடாது. எல்லாம் முடிந்த பிறகுதான் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஒரே ஆள் சலித்தால் சல்லடையில் ஓட்டை எங்கே என்று யாருக்கும் தெரியாது. இந்த விதி எனக்குத் தெரியாததல்ல. என் மாணவிகளுக்கு வருடா வருடம் நானே சொல்லிக்கொடுப்பதுதான். நேரமில்லை என்று தாண்டிவிட்டேன். ஊருக்கு உபதேசம் என்பார்களே, அதுதான்.

கடைசி வாய்ப்பாக முப்பது நாள் கொடுத்தார்கள். அதற்குள் சரியான அத்தியாயம் வரவில்லையென்றால் பதிவு ரத்து. ஐந்து வருடமும் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிடும்.

இரண்டாம் வாசகராக உட்கார ஒப்புக்கொண்டிருந்த சக ஆசிரியைக்கு ஏழாவது மாதம். மூன்றாம் நாளே மருத்துவர் அவளைப் படுக்கையில் போட்டுவிட்டார். பார்க்கப் போனேன். அடிக்கடி பக்கம் மாறிப் படு என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்ல?

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

"நம்ம பாப்பாவக் கேளேன்."

பாப்பா என்பது அவருடைய தங்கை. வயது நாற்பது. வீட்டில் இன்னும் அந்தப் பெயர்தான். பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பியல் வார்டில் பத்தொன்பது வருடமாகச் செவிலியர், இப்போது அந்த வார்டுக்குப் பொறுப்பாளர். அங்கே அவள் பெயர் கறார் சிஸ்டர். அவள் நடந்து வரும் சத்தம் கேட்டால் நோயாளிகளே போர்வையைச் சரிசெய்துகொள்வார்கள் என்று கேள்வி. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள்.

எனக்கும் அவளுக்கும் பேச்சு நின்று இரண்டு வருடமாகியிருந்தது.

காரணம் சின்னது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சின்னதல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் என் ஆய்வைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை பக்கம் மாற்ற வேண்டும் என்று வார்டில் செய்கிறீர்களே, அது ஏன் இரண்டு என்று உங்களில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். பாப்பா பதில் சொல்லுமுன் நானே சொன்னேன்: "தெரியாது. நீங்க பழக்கத்துல செய்றீங்க. நாங்க ஆதாரத்தோட பேசுறோம்."

பாப்பா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள்.

"புத்தகத்தப் புரட்டுறவங்களுக்கு, ஆளப் புரட்டுறது பழக்கமாத்தான் தெரியும் அண்ணி," என்றாள். கை கழுவினாள், போய்விட்டாள்.

அதன் பிறகு எங்களுக்கு நடுவில் என் வீட்டுக்காரர்தான் தபால்காரர். 'அண்ணிகிட்ட சொல்லு', 'பாப்பாகிட்ட சொல்லுங்க' என்று இரண்டு வருடம் ஓடியது. நான் சொன்னது தப்பு என்று எனக்கு அன்று சாயங்காலமே தெரியும். ஆனால் தெரிவது வேறு, போய்ச் சொல்வது வேறு.

அப்படிப்பட்டவளிடம் போய் நிற்பதா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மாற்று வழியே இல்லை. ஆங்கிலக் கட்டுரை படிக்கத் தெரிய வேண்டும், பொருள் தெரிய வேண்டும், நேரம் ஒதுக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் என்னிடம் தலையாட்டாத ஆளாக இருக்க வேண்டும். இந்தக் கடைசித் தகுதியில் அவளை மிஞ்ச உலகத்தில் ஆளில்லை. வீட்டுக்காரரைத் தூது அனுப்பினேன். அவர் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"ஒத்துக்கிட்டா. ஒரே ஒரு கண்டிஷன்."

"என்னவாம்? நான் கால்ல விழணுமா?"

"ரூல் பேப்பரைக் குடுக்கணுமாம். எது வேணும், எது வேண்டாம்னு நீ எழுதிவெச்சிருக்கியே, அது. அதுல இருக்கறபடிதான் செய்வாளாம். அதுல இல்லாதத யாரு சொன்னாலும் கேக்க மாட்டாளாம். உன்னையும் சேத்து."

விதித் தாளை நான் ஒரு வருடத்துக்கு முன்பே எழுதி, நெறியாளர் கையெழுத்தோடு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்தேன். ஆறு விதிகள். நோயாளி பெரியவராக இருக்க வேண்டும், பக்கம் மாற்றும் இடைவெளி சொல்லப்பட்டிருக்க வேண்டும், புண் வந்ததா இல்லையா என்று பார்த்திருக்க வேண்டும் என்று இப்படி ஆறு. கொடுத்தனுப்பினேன்.

மறுநாளிலிருந்து வேலை தொடங்கியது. மொத்தம் ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைச் சுருக்கங்கள். பாப்பாவுக்குக் காலை ஷிப்ட். மதியம் இரண்டரைக்கு யூனிஃபார்மோடு நேராக எங்கள் வீட்டுக்கு வருவாள். பின்னறையில் என் பழைய லேப்டாப்பில் உட்காருவாள். நான் கல்லூரி முடிந்து மூன்றரைக்கு வந்து முன்னறையில் உட்காருவேன். நடுவில் ஒரு கதவு. அவள் விசையைத் தட்டும் சத்தம் எனக்குக் கேட்கும். ஒரு தட்டு, கொஞ்சம் மௌனம், இன்னொரு தட்டு. நான் வேகமாகத் தட்டினால் அவளும் வேகமாகத் தட்டுவது போலிருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது போல அந்த இரண்டு வாரமும் அவருக்குக் கொண்டாட்டம். இரண்டு பேருக்கும் டீ போட்டு, ஒன்றை முன்னறைக்கும் ஒன்றைப் பின்னறைக்கும் எடுத்துப் போவார்.

"இத்தன நாளா நீங்க பேசாம இருந்தது வெறும் சண்ட. இப்ப யுனிவர்சிட்டியே பேசாதீங்கன்னு சொல்லிடுச்சு. கௌரவமா ஆயிடுச்சு," என்றார்.

"வாய மூடிக்கிட்டுப் போங்க."

"போறேன். ஆனா இந்த ரூல் போட்டவன் லிஃப்ட் வேல தெரிஞ்சவனாத்தான் இருக்கணும். உள்ள ஒரு கதவு, வெளிய ஒரு கதவு. ரெண்டும் தனித்தனியா மூடினாத்தான் வண்டி நகரும்."

பின்னறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. உடனே அடங்கியது.

பதினான்காம் நாள் இரண்டு பேரும் முடித்தோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசையில் இரண்டு லேப்டாப்பையும் எதிரெதிராக வைத்து, நடுவில் வீட்டுக்காரர் உட்கார்ந்து ஒப்பிட்டார். ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டில் ஆயிரத்து ஐந்நூற்று எழுபத்து நான்கு ஒத்துப்போனது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவருக்கு அதிர்ச்சி.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து நீங்க ரெண்டு பேரும் மொத்தமாவே இத்தன விஷயத்துல ஒத்துப்போனதில்ல," என்றார்.

ஒத்துப்போகாதவை முப்பத்தெட்டு. விதிப்படி இனி நாங்கள் பேசியாக வேண்டும். ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்து, காரணம் சொல்லி, ஒரு முடிவுக்கு வர வேண்டும். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வாக்கியம் இது:

"நம்பர் இருபத்தொண்ணு. நீங்க வேணும்னு போட்டிருக்கீங்க. அது ஆளே இல்ல அண்ணி, பொம்மைய மெத்தைல வெச்சு அழுத்தம் பாத்திருக்காங்க."

படித்துப் பார்த்தேன். பொம்மைதான். "சரி, எடுத்துடு," என்றேன்.

இப்படியே போனது. சிலவற்றில் அவள் சொன்னது சரி, பலவற்றில் நான் சொன்னது சரி. குழந்தைகள் வார்டு ஆய்வு ஒன்றை அவள் உள்ளே விட்டிருந்தாள், முதல் விதியைக் காட்டி வெளியே தள்ளினேன். மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள். இருபத்தொன்பது முடிந்தபோது பதினேழு என் பக்கம், பன்னிரண்டு அவள் பக்கம். ஜெயித்துக்கொண்டிருக்கிறேன் என்று மனசுக்குள் ஒரு குதூகலம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது.

மிச்சம் ஒன்பது. அந்த ஒன்பதையும் பாப்பா வேண்டுமென்றே கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தாள். எல்லாம் நான் 'வேண்டாம்' என்று தள்ளியவை. எல்லாவற்றுக்கும் அவள் 'வேண்டும்' போட்டிருந்தாள்.

"ஏன் வேண்டாம்?" என்று கேட்டாள்.

"பாரேன். இதுல முப்பத்தொரு பேஷண்ட். இதுல இருபத்து ரெண்டு. நாலு பக்கம், அஞ்சு பக்கம். சின்னச் சின்ன ஆஸ்பத்திரி. இதையெல்லாம் வெச்சு என்ன முடிவுக்கு வர முடியும்?"

அவள் விதித் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். கசங்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள்.

"இதுல ஆள் எண்ணிக்கை பத்தி எங்க இருக்கு?"

தேடினேன். நான் எழுதிய தாளில் நானே தேடினேன். ஆறு விதியிலும் அது இல்லை.

"சின்ன ஆஸ்பத்திரி கூடாதுன்னு எங்க இருக்கு?"

இல்லை.

"இத எழுதினவங்க யாருன்னு பாருங்க," என்றாள்.

ஒன்பதையும் வரிசையாகத் திறந்து பார்த்தேன். ஒன்பதும் வார்டில் வேலை பார்க்கும் செவிலியர்கள் எழுதியவை. பேராசிரியர் பெயர் ஒன்றுகூட இல்லை. நிதி கொடுத்த நிறுவனம் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன் அந்தப் பக்கங்கள் திரையில் வந்தபோது நான் என்ன செய்தேன் என்று ஞாபகம் வந்தது. எழுதியவர்கள் பெயருக்குக் கீழே 'வார்டு செவிலியர்' என்று பார்த்தேன். விரல் தானாக 'வேண்டாம்' மேல் போனது. காரணத்தைப் பிறகுதான் யோசித்தேன். ஒன்பது முறையும் அப்படித்தான்.

ஆதாரத்தோடு பேசுகிறவள் பழக்கத்தில் செய்த வேலை. வெட்கத்தில் காது சூடானது. இருபத்து இரண்டு வயதில் நானும் வார்டு செவிலியராகத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

பாப்பா அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. என்னைக் குத்திக்காட்டுவாள் என்று காத்திருந்தேன், அவளோ லேப்டாப்பைத் திருப்பி அவளுடைய குறிப்புப் பத்தியைக் காட்டினாள். முப்பது முப்பத்தைந்து கட்டுரைகளுக்கு நேராக ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தாள்: 'போட்ட உத்தரவா, செய்த வேலையா?'

"என்ன இது?"

"பெரிய ஆய்வெல்லாம் பாருங்க அண்ணி. 'ரெண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றப்பட்ட குழு', 'நாலு மணிக்கு ஒருமுறை மாற்றப்பட்ட குழு'னு எழுதியிருக்காங்க. மாத்தினாங்கன்னு எப்படித் தெரியும்? சார்ட்டப் பாத்திருக்காங்க. சார்ட்ட யாரு எழுதறது? நாங்க. எப்ப எழுதுவோம்?" குரலைத் தாழ்த்தினாள். "பிசியான நாள்ல ஷிப்ட் முடியறப்ப மொத்தமா. எட்டு, பத்து, பன்னெண்டுன்னு ஒரே பேனா, ஒரே சாய்வு, வரிசையா டிக்கு. நான் தெனம் பிடிக்கறேன், தெனம் திட்டறேன். பிடிக்காத வார்டுல என்ன நடக்கும்? அந்த சார்ட்ட வெச்சுத்தான் இவங்க ரெண்டு மணி நல்லதா நாலு மணி நல்லதான்னு சண்ட போடறாங்க."

பெரிய ஆய்வு ஒன்றைத் திறந்து பார்த்தேன். சார்ட்தான்.

"இந்த ஒன்பதுல பாருங்க. ஏழுல ஒரு நர்ஸ் கட்டில் பக்கத்துலயே நின்னு, எப்ப மாத்தினாங்கன்னு கடிகாரம் பாத்து எழுதியிருக்கா. ஏன்னா அவளுக்குத் தெரியும், சார்ட்ட நம்பக் கூடாதுன்னு."

அந்த நிமிடம் எனக்குள் ஏற்பட்டதைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்து வருடமாக நான் அடுக்கிவைத்த கட்டுரைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஏன் முரண்படுகின்றன என்று எனக்குப் புரியவே இல்லை. ஒருவர் இரண்டு மணி என்பார், ஒருவர் வித்தியாசமே இல்லை என்பார். இரண்டு பக்கமும் அவரவர் சார்ட்டைத்தான் எண்ணியிருக்கிறார்கள், யாரும் கட்டிலைப் பார்க்கவில்லை. நெறியாளர் கேட்ட சண்டை இதுதான்.

"இத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"பேசக் கூடாதுன்னு ரூல்," என்றாள் பாப்பா. சிரிக்கவில்லை. டீ குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஆறு நாளில் அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதினேன். முழுதாகப் படித்துச் சலித்த பிறகு இருபத்தாறு கட்டுரைகள் நின்றன. அவற்றில் பக்கம் மாற்றியதை யாரோ கண்ணால் பார்த்துப் பதிவு செய்தவை ஒன்பது. அந்த ஒன்பதில் ஏழு, நான் தள்ளியவை. இருபத்தாறையும் 'போட்ட உத்தரவு', 'செய்த வேலை' என்று இரண்டு பகுதியாகப் பிரித்தேன். பிரித்ததும் ஐந்து வருடக் குழப்பம் சீவிய தலைமுடி போல வகிடெடுத்து நின்றது. உத்தரவைப் பார்த்த ஆய்வுகள் தமக்குள் அடித்துக்கொண்டன. கண்ணால் பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே பக்கம் பேசின. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. என் எழுத்தைப் பற்றி நானே இப்படிச் சொல்வது இதுதான் முதல் தடவை, அதனால் சொல்லிக்கொள்கிறேன்: மிக நன்றாக இருந்தது.

நெறியாளர் ஒரே மூச்சில் படித்தார். கடைசிப் பக்கத்தில் 'இப்போது அத்தியாயம்' என்று பென்சிலால் எழுதினார். பிறகு ஐம்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து ஒரு பத்தியைக் காட்டினார்.

"இது எதுக்கும்மா? 'கருத்து வேறுபாடுகள் பேசித் தீர்க்கப்பட்டன'ன்னு எழுதினாப் போதும். எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. இத அப்படியே விட்டா வெளியாள் பிடிச்சுக்குவார்."

"பிடிக்கட்டும் மேடம்."

"உனக்கு இது கடைசி வாய்ப்பு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

அவர் அந்தப் பக்கத்தை மூடினார்.

குழு கூடிய அன்று காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பாப்பாவுக்கு அந்த வாரம் மதிய ஷிப்ட். இரண்டாம் வாசகரும் வரவேண்டியிருக்கலாம் என்று நெறியாளர் சொல்லியிருந்ததால் யூனிஃபார்மோடு வந்து அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வெளி மருத்துவர் நேராக ஐம்பத்திரண்டாம் பக்கத்துக்குத்தான் போனார்.

"ஒன்பது கட்டுரைய நீங்க தப்பா நீக்கினதா நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ உங்க பார்வைல ஒரு சாய்வு இருந்திருக்கு. மிச்சம் ஆயிரத்து அறுநூறுல எத்தன இடத்துல இப்படி நடந்திருக்குமோ, யாருக்குத் தெரியும்? இந்த அத்தியாயத்த எப்படி நம்பறது?"

நெறியாளர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னை நம்ப வேண்டாம் சார்," என்றேன். "அதனாலதான் ரெண்டாவது ஆள். நான் தப்பின இடத்துல எல்லாம் அவங்க பிடிச்சிருக்காங்க. இந்த ஒன்பத நான் மறைச்சிருந்தா உங்களுக்குச் சந்தேகமே வந்திருக்காது. ஆனா அப்போதான் சந்தேகப்படணும்."

"யார் அவங்க?"

"நரம்பியல் வார்டு பொறுப்புச் செவிலியர். பத்தொன்பது வருஷம்."

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

அத்தியாயத்தின் பின்னிணைப்பில் அதையும் எழுதியிருந்தேன். அவர் அதுவரை போகவில்லை.

"என் நாத்தனார் சார்."

அறையில் நாற்காலி கிரீச்சிட்டது. "வீட்டு ஆளா?" என்றார். "அப்போ எப்படி அம்மா தனித்தனியாப் பாத்தீங்கன்னு ஏத்துக்கறது? ஒரே வீட்ல உக்காந்து பேசாமலா இருந்திருப்பீங்க?"

"அதுக்கு முன்னாடியே ரெண்டு வருஷமா நாங்க பேசிக்கறதில்ல சார்."

துறைத் தலைவர் சாதாரணமாகச் சிரிக்காதவர். அவர்தான் முதலில் சிரித்தார். "நாத்தனார்னு சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார், தனித்தனிதான்," என்றார். வெளி மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கூப்பிடுங்க அவங்கள," என்றார்.

பாப்பா வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வார்டில் ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் முன் நிற்பது போல நிமிர்ந்து நின்றாள்.

"பெரிய ஆய்வெல்லாம் இருக்கறப்போ நாலு பக்கக் கட்டுரைக்கு ஏன் சிஸ்டர் டிக் போட்டீங்க?" என்று கேட்டார் வெளி மருத்துவர்.

"பெரிசுக்கும் போட்டிருக்கேன் சார். ரூல் ஆறு. ஆறும் சரியா இருந்தா டிக். எழுதினவங்க யாருன்னு பாக்கச் சொல்லி ரூல்ல இல்ல."

"உங்க அனுபவத்த வெச்சு எதையாவது முடிவு பண்ணீங்களா?"

"அனுபவத்துல ஒண்ணு தோணுச்சு சார். அத டிக்குல சேக்கல. பக்கத்துல தனியா எழுதிவெச்சேன்."

"எங்க?"

"எல்லாம் பின்னாடி இருக்கு சார்," என்று நெறியாளர் தள்ளிக் கொடுத்தார். மருத்துவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். அந்த ஒரே வரி, திரும்பத் திரும்ப.

"முப்பது வருஷமா நான் சார்ட்டுலதான் கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கேன்," என்று மெல்லச் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பேனாவை எடுத்தார்.

பாப்பா நின்ற நிலை மாறவே இல்லை. அவளை அந்த அறையில் பார்த்தபோது எனக்கு வந்த பெருமையை எதோடும் ஒப்பிட முடியாது. என் அத்தியாயம் ஏற்கப்பட்டதில்கூட அவ்வளவு வரவில்லை. இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று அந்த மூன்று பேரிடமும் இன்னொரு முறை சொல்ல வேண்டும் போலிருந்தது.

மூன்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். நடைவழியில் யாருமில்லை. பாப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பாப்பா," என்றேன். "அன்னைக்கு நான் சொன்னது..."

"எழுத்துல குடுங்க அண்ணி. வாய்ல சொன்னா நாளைக்கு அப்படிச் சொல்லலேன்னுடுவீங்க."

"குடுத்தாச்சு. ஐம்பத்திரண்டாம் பக்கம்."

அவள் அத்தியாயத்தை வாங்கினாள். அவள் குறித்த தாள்களைத்தான் அவள் பார்த்திருந்தாள், நான் எழுதியதைப் படித்ததில்லை. மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பது போல வரிக்குக் கீழே விரல் வைத்து வாய்விட்டுப் படித்தாள்.

"'ஒன்பது கட்டுரைகளை முதல் வாசகர், வார்டு செவிலியர்கள் எழுதியவை என்பதாலேயே தள்ளினார். இது விதியிலோ ஆதாரத்திலோ இல்லாத, அவருடைய பழக்கம். இரண்டாம் வாசகரின் முடிவே சரி.'"

இன்னொரு முறை படித்தாள், இந்த முறை சத்தமில்லாமல். மூக்கு சிவந்திருந்தது. கறார் சிஸ்டர் கண்ணைத் துடைத்து நான் பார்த்ததில்லை, அன்றும் துடைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டாள்.

"இத ஒரு காப்பி எடுத்துக்கறேன் அண்ணி," என்றாள். "வார்டுல ஒட்டணும்."

"ஒட்டு," என்றேன். "என் பேரு நல்லாத் தெரியற மாதிரி ஒட்டு."